ஐந்து சட்டி முளைப்பாலிகை

எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் வைகாசியில்தான் நடந்தன. நல்ல மாதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு ஜூன் விடுமுறை என்பதும், சித்தப்பா பெரியப்பா வீடுகளிலிருந்து ஆட்களை வேலைக்கு இழுக்கலாம் என்பதும் சொல்லப்படாத காரணங்கள். சிங்கப்பூரில் கோடை என்று தனியாக எதுவும் வருவதுமில்லை, போவதுமில்லை. ஆனாலும் என் சின்ன அத்தையின் கல்யாணத்தை நினைத்தால் முதலில் வெயில்தான் வருகிறது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்த ஒரு சந்தில், மாடி வீட்டின் மரச் சன்னல் இடுக்குகள் வழியாக உள்ளே விழுந்து, தரையில் விரித்த பாய்கள் மேலும் தூங்குகிற பெண்களின் கால்கள் மேலும் கோடு கோடாகக் கிடந்த வெயில். மல்லிகை வாடுகிற வாசனை. யாரோ எங்கோ முறுக்கு சுடுகிற எண்ணெய்ப் புகை. அந்த இரண்டு நாட்களும் எனக்குள் ஒரு நீண்ட மத்தியானமாகத்தான் தங்கியிருக்கின்றன.

எனக்கு அப்போது எட்டு வயது. அத்தைக்குப் பத்தொன்பது. அப்பாவின் கடைசித் தங்கை. எனக்குத் தலை பின்னிவிடுவது, தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, அம்மாவிடம் அடி வாங்காமல் காப்பாற்றுவது எல்லாம் அத்தைதான். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. கல்லூரியிலிருந்து கடிதம் வந்த அதே வாரத்தில் மலாயாவின் சிரம்பானிலிருந்து வரனும் வந்தது. மாப்பிள்ளை ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. தோட்டத்துக் கணக்குகளைப் பார்க்கிற உத்தியோகம். அப்பா இரண்டையும் ஒரு நாள் யோசித்துப் பார்த்தார். அவ்வளவுதான் யோசித்தார்.

"படிப்பு எங்கயும் ஓடிப்போயிடாதும்மா. நல்ல இடம் தட்டிப்போனா திரும்ப வராது" என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை, "சரிண்ணே" என்றாள். அதைத் தவிர வேறு எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் மற்றவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்லூரி திறப்பது ஜூலையில். கல்யாணம் ஜூனில். அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில் அத்தையின் மனசு எப்படிக் கிடந்திருக்கும் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. வாழைமரம் யார் கொண்டுவருவது, நாற்காலி யாரிடம் இரவல் வாங்குவது என்று தலைக்கு மேல் வேலை.

மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு தடவை வந்தார். மெலிந்த உடம்பு, கட்டையான குரல். நகை, சீர் என்று எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. முளைப்பாலிகை. ஐந்து மண்சட்டிகளில் புற்றுமண் நிரப்பி, நவதானியத்தைப் பாலில் ஊறவைத்துத் தெளித்து, முளைவிட்டதும் மணவறையில் கொண்டுவந்து வைக்கிற வழக்கம்தான். எங்கள் வீட்டில் பேருக்குச் செய்வார்கள். அந்த அம்மாவுக்கோ அது உயிர் விஷயம். மூத்த மகன் கல்யாணத்தில் முளை சரியாக வரவில்லையாம். பரவாயில்லை என்று தாலி கட்டினார்களாம். வருஷம் திரும்புவதற்குள் மருமகள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"அஞ்சாறு நாளைக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல தெளிங்க. வயசுக்கு வராத புள்ள கையாலதான் தண்ணி விடணும். வேற ஒருத்தர் கண்ணும் படக்கூடாது. கல்யாணத்துக்கு மொத நாள் நானே வந்து தொறந்து பாப்பேன். முளை தலை சாஞ்சு கெடந்துச்சுன்னா, யாரையும் குத்தம் சொல்லமாட்டேன், மகனக் கூட்டிக்கிட்டு ரயிலேறிடுவேன்" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் பெண் வீட்டுக்காரர் என்பதால் அதைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அத்தை, அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது அம்மாவிடம் கேட்டாள்.

"தலை சாஞ்சா நெசமாவே போயிடுவாங்களா அண்ணி?"

"சேச்சே, அதெல்லாம் நல்லா வரும். பயப்படாத" என்றாள் அம்மா.

அத்தை ரசச் சட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். "இல்ல, ஒருவேள சாஞ்சா?" பாவம், பெண் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று அம்மா அப்பாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். நானும் வருத்தப்பட்டேன்.

வயதுக்கு வராத பெண்பிள்ளை என்று அந்த வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். அதனால் அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. கடற்படைத் தளத்து லோரியை ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமா பொங்கோல் பக்கமிருந்து புற்றுமண் கொண்டுவந்தார். பக்கத்துத் தொழுவத்துப் பால்காரர் வீட்டிலிருந்து சாண எரு வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து சுமங்கலிகள் கூடித் தானியம் தெளித்தார்கள். சட்டிகளை மாடியின் பின்பக்கத்து இருட்டறையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, எல்லாவற்றின் மேலும் அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்தினார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நான் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பேன். அம்மாவே வாசலில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "சொல்லக்கூடாது" என்பேன். அம்மா என்னிடம் அப்படிப் பவ்யமாக நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முளை நன்றாகத்தான் வந்தது. முதலில் மண்ணில் சின்னச் சின்ன வெடிப்புகள். பிறகு வளைந்த வெள்ளைக் கழுத்துகள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது விரல் நீளம் வளர்ந்து, இருட்டில் வளர்ந்ததால் வெளிறிய மஞ்சளாக, எல்லாம் ஒரே பக்கமாகச் சன்னல் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவற்றோடு பேசுவேன். அத்தையிடம் மட்டும் ரகசியமாக, "நல்லா வந்திருக்கு அத்தை, ஒண்ணுகூடச் சாயல" என்று சொன்னேன். அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "அப்படியா" என்றாள்.

சனிக்கிழமை வீடு நிரம்பி வழிந்தது. நடக்கிற இடமெல்லாம் பாய்; உட்காருகிற இடமெல்லாம் பூ. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் எல்லோரும், மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர மாமாவின் லோரியிலும் ஒரு வாடகைக் காரிலுமாகத் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். பெண்கள் பாதி தொடுத்த பூச்சரங்களைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போனார்கள். சந்தில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. என் ராஜ்யத்துக்குப் போனேன். இருட்டறையில், இரவல் வாங்கிய மெத்தைகளைச் சுருட்டி மூலையில் அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் குளிர்ச்சியாக ஒரு இடம் இருந்தது. அங்கே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டு, மஞ்சள் வாசனையில் கண் சொக்கிக் கிடந்தேன்.

கதவு திறந்தது. அத்தை வந்தாள். கையில் பழந்துணியால் பிடித்த ஒரு பாத்திரம். சோறு வடித்த கஞ்சி. ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வேட்டியை விலக்கினாள். கூடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். முளைகளைக் குனிந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்த்தாள் என்றால், நான் வெளியே வந்து "யாரும் பாக்கக்கூடாது அத்தை" என்று சொல்லலாமா என்று நினைக்கும் அளவுக்கு. அப்புறம் அவள், "மன்னிச்சிருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். பார்க்கக்கூடாததைப் பார்த்ததற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஒவ்வொரு சட்டியிலும் அளவாக, ஒன்றையும் விடாமல், கஞ்சியை ஊற்றினாள். கூடைகளைக் கவிழ்த்தாள். வேட்டியைப் போர்த்திச் சுருக்கம் எடுத்துவிட்டாள். போய்விட்டாள்.

எனக்கு ஜுரம் வந்தால் அம்மா உப்புப் போட்டுக் கஞ்சிதான் கொடுப்பாள். உடம்புக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். நாளைக்குக் கல்யாணமாகப் போகிற முளைகளுக்கு அத்தை ஆசையாகக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பின் இதத்தில் தூங்கியும்விட்டேன்.

விழித்தபோது சன்னல் இடுக்கின் வெயில் சுவரில் ஏறியிருந்தது. சாயங்காலத் தண்ணீருக்கு நேரமாகிவிட்டதே என்று கூடையைத் தூக்கினேன். முளைகள் வெந்த கீரை மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அடுத்த சட்டி, அடுத்த சட்டி. ஐந்தும் அப்படியே. மண் மேல் வெள்ளையாகக் கஞ்சி ஆடை. சோறு வாசனை.

எனக்கு முதலில் வந்தது என்னைப் பற்றிய பயம்தான், அதை மறைப்பானேன். பதவியில் இருந்தவள் நான். ஆனால் அடுத்த நிமிஷமே அத்தையின் முகம் ஞாபகம் வந்தது. பாவம், நல்லது என்று நினைத்துச் செய்தாள். சூடாக ஊற்றினால் வெந்துபோகும் என்று இவ்வளவு படித்தவளுக்குத் தெரியாமல் போயிற்றே. இப்போது அந்த அம்மா வந்து பார்ப்பார், மகனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார், அத்தையின் கல்யாணம் நின்றுவிடும், அப்பா அத்தையைத் திட்டுவார். அத்தை ஏற்கெனவே எப்படிப் பயந்துகொண்டிருந்தாள்! எத்தனையோ தடவை அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். இந்த ஒரு தடவை நான் அவளைக் காப்பாற்றியாக வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கீழே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆசோ பின்கட்டில் தன் ஜாடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆசோ என்றுதான் எல்லோரும் அந்தச் சீன அம்மாவைக் கூப்பிடுவோம். அவர் வீட்டுப் பின்கட்டில் ஆள் உயர ஜாடிகள் இருக்கும். ஈரச் சாக்குப் போட்டு மூடி, அதற்குள் பாசிப்பயற்றை முளைக்கவைத்துத் தேக்கா மார்க்கெட்டுக்கு அனுப்புவார். தவ்கே. மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் தட்டில் கிடக்குமே, அந்த வெள்ளை முளைதான்.

பின்பக்கத்து இரும்புப் படியில் இறங்கி ஓடினேன். ஆசோவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை மலாய். தவ்கே நிறைய வேண்டும் என்றேன். சமையலுக்கா என்று கேட்டார். இல்லை, கல்யாணத்துக்கு என்றேன். ஆசோ என்னை மேலும் கீழும் பார்த்தார். தமிழர் கல்யாணத்தில் தவ்கே போடுகிறார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி. ரொம்பச் சந்தோஷப்பட்டு, "அம்பில், அம்பில்" என்று சொல்லி, எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு கூடை நிறையத் தானே அள்ளிக் கொடுத்தார்.

வெந்துபோன முளைகளை வழித்து எடுத்து, ஆசோவின் வாத்துகளுக்குப் போட்டேன். அவை ஒரு நொடியில் முடித்தன. கஞ்சி பிடித்த மேல் மண்ணைச் சுரண்டிவிட்டு, விளக்குமாற்றுக் குச்சியால் துளை போட்டு, தவ்கேயை ஒவ்வொன்றாக நட்டேன். நெருக்கமாக நட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் என்று இரண்டாவது சட்டியில் புரிந்தது. விரல் நகத்துக்குள் எல்லாம் மண். மூன்று, நான்கு. ஐந்தாவது சட்டி பாதியில் இருக்கும்போது சந்தில் லோரி ஹாரன் கேட்டது. வீடு முழுக்கப் பெண்கள் எழுந்து புடைவையைச் சரிசெய்கிற சத்தம். மீதியையும் அவசரமாக நட்டு, கடைசிக் கூடையைக் கவிழ்த்து வேட்டியைப் போர்த்தினேன். மாடிப்படியில் காலடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா காப்பிகூடக் குடிக்கவில்லை. நேராக இருட்டறைக்கு வந்தார். பின்னால் அம்மா, அப்பா, மாமா, சொந்தக்காரப் பெண்கள். எல்லோருக்கும் பின்னால், நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை. அலங்காரம் எல்லாம் முடிந்து, தலை நிறையப் பூவோடு. அவள் முகத்தில் அப்போது நான் எதிர்பார்த்த பயம் இல்லை. பரீட்சை எழுதி முடித்துவிட்டு வெளியே வந்தவளைப் போல் இருந்தாள்.

அந்த அம்மா வேட்டியை விலக்கினார். முதல் கூடையைத் தூக்கினார்.

"ஆத்தாடி!" என்றார்.

வெள்ளை வெளேர் என்று, கொழுகொழு என்று, இடைவெளியே இல்லாமல் நின்றன. இரண்டாவது கூடை. மூன்றாவது. அந்த அம்மாவின் கட்டைக் குரல் கரைந்தது. "எங்க ஊருலகூட இப்படி நான் பாத்ததில்ல. என்னா மண்ணு இது!"

"பொங்கோல் மண்ணு லா" என்றார் மாமா, தானே விளைவித்ததைப் போல.

அம்மா மட்டும் குனிந்து பார்த்து, "ஒம்போது தானியம் தெளிச்சோம், எல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கே" என்றாள். நான் மண் அப்பிய நகங்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"அதானே விசேஷம். குடும்பம் ஒத்துமையா இருக்கும்னு அர்த்தம்" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டு, என் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைராசிக்காரி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கூட்டத்துக்கு நடுவில் அத்தையைத் தேடிப் பார்த்தேன். அவள் சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒரு கண்ணைச் சிமிட்டினேன். அத்தை நிலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் மயக்கம் வருகிறது, சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் தாலி கட்டினார்கள். நாதஸ்வரம், நெரிசல், இலை போட்டுச் சாப்பாடு. அதெல்லாம் எனக்கு ஏனோ மங்கலாகத்தான் இருக்கிறது. தெளிவாக இருப்பது சாயங்காலம். பாலிகையைக் கல்யாணப் பெண்தான் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஆறு குளம் என்று தேடாமல் மாமா எல்லோரையும் லோரியில் ஏற்றிப் பொங்கோல் கடலுக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் கரையில் தென்னை நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். தண்ணீர் விட்டவளும் கூடப் போக வேண்டும் என்று என்னை அத்தையோடு அனுப்பினார்கள். அலை இல்லாத கடல். கணுக்கால் தண்ணீரில் பட்டுப்புடைவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். நான் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

மண் கரைந்து கீழே போயிற்று. முளைகள் மிதந்தன. வேர் பிடிக்காத, மண் ஒட்டாத, சுத்தமான தவ்கே. அத்தை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"இது ஆசோ வீட்டு தவ்கேதானே?"

நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மெத்தைக்குப் பின்னால் படுத்திருந்தது, கஞ்சி, வாத்து, விளக்குமாற்றுக் குச்சி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நான் ஊத்துனத நீ பாத்தியா?"

"பாத்தேன். நீங்க நல்லதுக்குத்தான ஊத்துனீங்க? உங்களத் திட்டுவாங்கன்னுதான் அத்தை, நான் யாருகிட்டயும் சொல்லல. கல்யாணம் நின்னு போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அத்தை குனிந்து, என் கைகளைப் பிடித்துக் கடல் தண்ணீரில் கழுவத் தொடங்கினாள். ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு நகமாக. என் கையில் அவ்வளவு மண் இல்லை. போதும் அத்தை என்று இரண்டு தடவை சொன்னேன். கரையில் அம்மா கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, பொண்ணுக்குச் சளி பிடித்துவிடப்போகிறது என்று அன்போடு சத்தம் போட்டார்.

"நீ ரொம்ப நல்ல புள்ள" என்றாள் அத்தை.

அத்தையின் வாழ்க்கை ஒன்றும் மோசமாகிவிடவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். மாமியார் கடைசிவரை அவளைக் கையில் வைத்துத் தாங்கினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த முளையின் பெருமையைச் சொல்வாராம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஒரு நாளும் தவ்கே என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அன்று கடலிலிருந்து திரும்பும்போது லோரியில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். பட்டுப்புடைவை ஈரமாக, உப்பு வாசனையோடு இருந்தது. தலைக்கு மேல் ரப்பர் மரங்களும் தென்னைகளும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. அத்தையின் வயிறு குலுங்கியதால் அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஊரைவிட்டுப் போகிற துக்கம், எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னாள். நானும் கையை எட்டி அத்தையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, "அழாதீங்க அத்தை, அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே" என்று சொல்லிவிட்டு, அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு தூங்கிப்போனேன்.